முத்து முழுங்கி முனுசாமிக்கு ஒன்ஸ் மோர்

தியேட்டர் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியும். யாருக்கோ போன் போடுவீர்கள். அவர் இன்னொருவருக்குப் போன் போடுவார். கடைசியில் எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் கம்ப்யூட்டரைத் தட்டிச் சரிசெய்வார். அதுவரை ஜனங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாந்தமாக இருப்பார்கள். கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

எங்கள் காலத்துத் தூத்துக்குடியில் சத்தம் நின்ற அடுத்த நொடியே "ஏலே ஆப்பரேட்டர்" என்று தரை டிக்கெட்டில் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் சொற்களை இங்கே எழுத முடியாது. ஆப்பரேட்டரின் அப்பா, தாத்தா வரைக்கும் விசாரித்துவிட்டு மேனேஜரிடம் வருவார்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால் பெஞ்சுகள் போச்சு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைகளுக்கு ஒரு பெஞ்சை உடைப்பது பெரிய வேலையில்லை.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த மேனேஜர் பெரிய தைரியசாலி இல்லை. கலாட்டா ஆரம்பித்தால் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், ஓடுவதற்கு வசதியாக. ஆனால் போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "கூட்டம் கத்துனா ஆபீசுக்குள்ள போய் ஒளியாதேயும். பொம்பளையள் பக்கத்து வாசல்ல போய் நில்லும். அங்கன ஒருத்தனும் எதையும் எறிய மாட்டான். எறிஞ்சான்னா சாயந்திரம் வீட்டுக்குப் போகணும்லா?" என்றார். ரிட்டயர் ஆகும்வரை என் மண்டை உடையாமல் இருந்ததற்கு அந்த வாசல்தான் காரணம். இப்போது சொல்லப்போகிற சம்பவத்தின்போதும் நான் அங்கேதான் நின்றேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். பால்கனிக்குப் புது நாற்காலி போட முதலாளி முடிவு செய்தார். பழைய நாற்காலிகளை அடுக்கி வைக்க இடம் வேண்டும் என்று பால்கனிப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த இருட்டறையைத் திறந்தோம். கிழிந்த தட்டிகள், உடைந்த பெட்ரோமாக்ஸ், எலி தின்ற திரைச்சீலை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் துருப்பிடித்த தகர டப்பாக்கள். மூடியில் பெயிண்டால் 'முத்து முழுங்கி முனுசாமி' என்று எழுதியிருந்தது.

எங்கள் ஆப்பரேட்டர் சண்முகம் ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். உடனே மூடினார். "அண்ணாச்சி, இது அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம். சூடு பட்டாப் பத்திக்கிடும். பத்திட்டுன்னா தண்ணிக்குள்ள முக்குனாலும் எரியும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் தெருவுக்கு ஓடிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதலாளியிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அவருடைய அப்பா காலத்தில், தியேட்டர் கீற்றுக் கொட்டகையாக இருந்தபோது வாங்கிப் போட்ட ஊமைப்படம் அது. முத்துக்குளிக்கும் கரையில் எடுத்த சிரிப்புப் படம் என்று ஆசையாக வாங்கியிருக்கிறார். அந்த வாரம் பார்த்து ஊரின் இன்னொரு கொட்டகைக்குப் பேசும் படம் வந்துவிட்டது. திரையில் ஆள் வாய் திறந்து பாடுகிறான் என்று ஊரே அங்கே போய் நின்றது. பேசாத படத்துக்கு யார் வருவார்கள்? ஒரு காட்சிகூட ஓடாமல் பெட்டி படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டது. எடுத்த கம்பெனியும் அதோடு மூடிக்கொண்டது. வேறு எங்கும் அந்தப் படம் இல்லை.

நான் மட்டும் என்றால் அன்றைக்கே பெட்டியை ஊருக்கு வெளியே அனுப்பியிருப்பேன். நெருப்போடு விளையாடும் ஆசை எனக்குக் கிடையாது. ஆனால் படத்தின் பெயரைப் படித்ததும் லூர்து தண்டலின் ஞாபகம் வந்துவிட்டது.

தண்டல் என்றால் தோணியை நடத்திப்போகும் தலைவர். லூர்து தண்டல் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டியவர். புயலில் இரண்டு முறை தோணியைப் பத்திரமாகக் கரைசேர்த்தவர் என்று துறைமுகத்தில் நல்ல பெயர். நான் பார்க்கும்போது வேலையை விட்டுவிட்டு, எங்கள் தியேட்டர் வாசல் டீக்கடையில் காலை மாலை இரண்டு நேரமும் இருப்பார். அவருக்கு ஒரே ஒரு குறை. "நான் சினிமாவுல நடிச்சவன்லா" என்பார். கல்யாணத்துக்கு முன்னால், மெட்ராசிலிருந்து ஒரு கம்பெனி வந்து கடற்கரையில் படம் எடுத்ததாம். இவரைத் தோணிக்காரனாக நடிக்க வைத்துக் கடலில் தள்ளினார்களாம். இவர் சிரித்துக்கொண்டே நீந்தி வந்தாராம். படத்தின் பெயர் முத்து முழுங்கி முனுசாமி. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு ஆளாவது உண்டா என்று கேட்டால் தண்டல் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். ஊர் அவருக்குச் 'சினிமா தண்டல்' என்று பெயர் வைத்தது. "கதாநாயகி சௌக்கியமா தண்டல்?" என்று சின்னப் பயல்கள்கூடக் கேட்பார்கள்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அவர் மனைவி ஞானம்மாவும் நம்பாததுதான். ஞானம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயில் பொய் வராது. தெருவில் இரண்டு பேருக்குள் வழக்கு என்றால் "ஞானம்மாக்காட்ட கேளுங்க" என்பார்கள், அவர் சொன்னதோடு வழக்கு முடிந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் புருஷனைப் பற்றிச் சொல்வது இதுதான்: "கடல்ல நடந்தத அவுக சொன்னா நம்புங்க. கரையில நடந்தத சொன்னா நம்பாதிய."

பெட்டி கிடைத்த செய்தியைத் தண்டலிடம் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "மேனேஜரு, ஊரு பாக்காட்டிப் போவுது. அவ ஒருத்தி பாக்கணும். வாழ்ந்த காலம் பூரா எம் பொண்டாட்டி என்னையப் பொய்யன்னு நெனச்சுகிட்டே இருந்துட்டா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

சண்முகம் சம்மதிக்கவில்லை. பிலிம் சுருங்கிக் கிடக்கிறது, ஓரத்துத் துளைகள் கிழிகின்றன, ஓடினால் ஒரு தடவை ஓடும், அதுவும் அதன் இஷ்டம் என்றார். பிறகு தண்டல் நேரில் வந்து மெஷின் இருக்கும் கேபின் வாசலில் நின்றதும் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. எல்லாக் கதவும் திறந்திருக்கும். கேபினுக்குள் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். மணல் வாளி, ஈரச் சாக்கு, கூடவே தீயணைப்பில் வேலை பார்க்கும் சண்முகத்தின் மைத்துனர். இவ்வளவு ஏற்பாடு செய்தோம் என்பதற்காக நீங்களும் இப்படிச் செய்துவிடாதீர்கள். இன்றைக்கு யாராவது செய்தால் முதல் ஆளாகப் போய்ப் புகார் கொடுப்பது நானாகத்தான் இருக்கும்.

தெரிந்த பத்து இருபது பேருக்குப் போட்டுக் காட்டலாம் என்பது என் எண்ணம். முதலாளி விடுவாரா? போஸ்டர் ஒட்டி, ரிக்‌ஷாவில் மைக் கட்டி, 'நம்ம கடற்கரையில் எடுத்த ஊமைப்படம்' என்று ஊரெல்லாம் கத்தவிட்டார். பேசாத படத்துக்கு அவ்வளவு சத்தமாக விளம்பரம் செய்தவர் அவராகத்தான் இருப்பார். காயல்பட்டினத்திலிருந்து ஒரு கூட்டம், பெரியதாழையிலிருந்து ஒரு கூட்டம். ஊமைப்படம் என்றால் யாரோ ஒரு ஊமைப் பெண்ணின் சோகக் கதை என்று நினைத்து அழுவதற்குத் தயாராக வந்தவர்களும் இருந்தார்கள். மில்லுக்கு லீவு நாள் என்பதால் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் மில் ஆட்கள்தான் நிறைய. பெண்கள் பக்கத்தில் நடுவே ஞானம்மா, வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்டல் காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு முதல் பெஞ்சில் இருந்தார்.

படம் ஆரம்பித்தது. கதை இதுதான்: முனுசாமி என்ற சோம்பேறி, கரையில் கிடந்த சிப்பியைத் தின்கிறான். உள்ளே இருந்த பெரிய முத்தும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. முத்து வியாபாரி, வைத்தியர், போலீஸ்காரர் எல்லோரும் அது எப்போது வெளியே வரும் என்று அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்தக் காலத்தில் மெதுவாக எடுத்த படம் எங்கள் மெஷினில் வேகமாக ஓடியது. எல்லோரும் வயிறு கலக்கியவர்கள் போல் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நேரம்தான் கூட்டம் பொறுத்தது. தரையிலிருந்து முதல் குரல் வந்தது.

"ஏலே, சவுண்டப் போடு."

சண்முகம் கேபின் ஓட்டை வழியாக முகத்தை நீட்டினார். "படத்துலயே சவுண்டு இல்லலே."

"பெறகு எதுக்குலே மெஷினு வச்சிருக்க?"

இடையிடையே எழுத்து வந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் பாதி படிப்பதற்குள் அது ஓடிவிடும். விசில் போய்க் கூச்சல் வந்தது. கூச்சல் போய்ப் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். சத்தத்தைத் தேடிச் சண்முகம் பயத்தில் ஒலிப்பெருக்கியை முழுக்கத் திருகியிருந்தார், அதில் வெறும் இரைச்சல்தான் வந்தது. நான் வழக்கம் போலப் பெண்கள் பக்கத்து வாசலுக்குப் போய்விட்டேன். பால்கனியிலிருந்து முதலாளி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

தண்டல் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "கொஞ்சம் பொறுங்கய்யா. நான் இன்னும் வரல."

"நீரு எப்ப வருவீரு? அடுத்த வருசமா?"

கேபினுக்கு மணியடிக்கும் சுவிட்ச் என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் படம் நிற்கும், பெஞ்சு பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். தண்டல் மட்டும் சாகும்வரை பொய்யர். சுவிட்சில் கையை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு.

திரையில் சிரிக்க ஒன்றுமில்லை. முத்து வியாபாரி மண்டியிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கதறிக்கொண்டிருந்தார். 'ஐயோ, என் முத்து போயிற்றே' என்று எழுத்தும் போட்டார்கள். மில் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஓரத்தில் இருந்தவரிடம் குனிந்து காரணம் கேட்டேன்.

"அந்த ஆளு அழுதுகிட்டே என்ன சொல்லுதான் தெரியுமா? மத்தியானத்துக்கு மீனு வாங்கியாச்சான்னு கேக்கான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில்லுக்குள் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் சத்தமில்லாமல் வாயசைத்தே பேசுவார்கள், வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வீட்டுக் கதை, ஊர்க் கதை, மேஸ்திரியைத் திட்டுவது, எல்லாம் அப்படித்தான். ஞானம்மா அதில் பெரிய ஆள். ஷெட்டின் அந்தக் கோடியில் யார் என்ன முணுமுணுத்தாலும் இந்தக் கோடியிலிருந்து படித்துவிடுவாராம். படம் எடுத்தவர்களோ, குரல் பதிவாகாது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைப் பேசி நடித்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, அந்தப் பக்கமும் கேக்கட்டும்" என்றேன்.

"நாங்க என்ன ரேடியோவா?" என்றார் ஞானம்மா. ஆனால் அவராலும் அடக்க முடியவில்லை. திரையில் கதாநாயகி குடையைச் சாய்த்துக்கொண்டு, முனுசாமியின் நெஞ்சில் கை வைத்துக் காதலோடு ஏதோ சொன்னாள். ஞானம்மா தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி எடுத்துவிட்டார்: "வெத்தலையத் துப்பிட்டு வாரும். நாறுது."

பெஞ்சைத் தட்டிய கைகள் எல்லாம் தொடையைத் தட்டின. அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. மில் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வைத்தியர் முனுசாமியின் வயிற்றில் காதை வைத்துக் கவலையோடு தலையாட்டினார். அவருக்குக் குரல் கொடுத்த பெண், "ரயிலு எத்தன மணிக்குவே? நான் ஊருக்குப் போணும்" என்றார். போலீஸ்காரர் உப்பு அம்பாரத்தில் சறுக்கி விழுந்து, "யாருலே இங்கன உப்பக் கொட்டினது" என்றார். மெட்ராசிலிருந்து வந்த நடிகர்கள் எல்லோரும் சுத்தமான தூத்துக்குடித் தமிழ் பேசினார்கள். சில இடங்களில் ஞானம்மா வாயைப் பொத்திக்கொண்டு "இத சொல்லக்கூடாது" என்பார். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. பால்கனியில் இருந்த பங்குச் சாமியார்கூடக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் பிலிம் அறுந்து சண்முகம் ஒட்டும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஆப்பரேட்டரின் அப்பாவைக் கூப்பிடவில்லை.

கடைசி ரீல் வந்தது. கடலில் தோணி. தோணியில் ஒல்லியாக ஒரு இளைஞன்.

"ஏலே, தண்டலு காது" என்று டீக்கடைக்காரர் கத்தினார். விடைத்துக்கொண்டு நின்ற அந்தக் காதை ஊரில் தெரியாதவர் இல்லை. கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. தண்டல் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, பெண்கள் பக்கத்தில் தன் மனைவியின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

முனுசாமி தோணியில் ஏறுகிறான், துரத்துகிறவர்களும் ஏறுகிறார்கள், நெருக்கடியில் தோணிக்காரனைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். தண்டல் முங்குகிறார், எழும்புகிறார், கையைக் காலை அடிக்கிறார், திரை நிறைய வாயைத் திறந்து கத்துகிறார். முனுசாமி அவர் தலையில் காலை வைத்து மறுபடியும் தோணிக்குத் தாவுகிறான். முழுப்படத்திலும் அவ்வளவு நன்றாக நடித்தவர் வேறு யாருமில்லை. ஆண்கள் பக்கம் தரையில் உருண்டு சிரித்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஞானம்மா உள்ளங்கையைக் கீழே காட்டிக் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். மில்லில் மெஷினை நிறுத்தச் சொல்லும் சைகை அது. அதைப் பார்த்த பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முத்து வெளியே வந்து படம் முடிந்தது. உடனே தரையிலிருந்து "ஒன்ஸ் மோர்" கிளம்பியது. இதுவும் உங்களுக்குத் தெரியாது. ஒரு பாட்டோ சண்டையோ பிடித்துவிட்டால் திரும்பப் போடச் சொல்வார்கள், நாங்கள் பிலிமைச் சுற்றித் திரும்பப் போடுவோம். மறுத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். தண்டலும் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். "போடுங்க மேனேஜரு. நான் பாக்கல, அவ மூஞ்சியத்தான் பாத்துகிட்டு இருந்தேன். தண்ணிக்குள்ள கெடந்து என்ன கத்துனேன்னு எனக்கே மறந்துபோச்சு. ஞானம் சொல்லட்டும்."

"ஞானம்மாக்கா, தண்டலு என்ன சொல்லுதாரு? சொல்லுங்க" என்று கூட்டம் முழுக்க ஒரே சத்தம். பால்கனியிலிருந்து முதலாளி போடச் சொல்லித் தலையாட்டினார். அந்த ஒரு துண்டு இன்னொரு தடவை தாங்கும் என்று சண்முகம் ஓட்டை வழியாகக் கட்டைவிரலைக் காட்டினார். திருப்பிப் போடச் சொல்ல என் கை சுவிட்சுக்குப் போனது.

ஞானம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் என் காதில் ஒன்றும் விழவில்லை. கேட்கவில்லை என்று கையைக் காட்டினேன். அவர் சத்தம் போடாமல், மில்லுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்வது போல உதட்டை மெதுவாக அசைத்தார். முதலில் புரியவில்லை. இன்னொரு முறை அசைத்தார்.

திருப்பிப் போடாதிய. அவுகளுக்கு நீச்சல் தெரியாது.

என் வாழ்க்கையில் நான் அப்படிப் படித்தது அது ஒன்றுதான். திரையில் தண்டல் கத்தியது என்னவென்று அவர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. தூக்குங்கய்யா, எனக்கு நீச்சல் தெரியாது. அது நடிப்பு இல்லை. ஞானம்மாவின் கண் நிறைந்திருந்தது. அந்த மனுஷனைத்தான் அவர் காலமெல்லாம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வழியனுப்பிவிட்டு நிம்மதியாக மில்லுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

நான் தாமிரபரணிக் கரைக்காரன், எங்கள் ஊரில் நீச்சல் தெரியாவிட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில், அதுவும் ஒரு தண்டலுக்கு! பொய்யன் என்ற பேரைக்கூடத் தாங்கலாம், இதைத் தாங்க முடியாது. முதல் தடவை சிரித்த சிரிப்பில் எவனும் வாயைப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை வாயை மட்டும்தான் பார்ப்பார்கள். மில் ஆண்கள் தரை முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கும் வாயைப் படிக்கத் தெரியும்.

படம் அறுந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை, சண்முகத்தின் கட்டைவிரல் எல்லோருக்கும் தெரியும்படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டால் கலாட்டா கூடும். முடியாது என்றால் பெஞ்சு. யோசிக்க நேரமில்லை. சுவிட்சை நீளமாக ஒரு அழுத்து அழுத்தினேன். எங்கள் தியேட்டரில் நீள மணிக்கு ஒரே அர்த்தம்தான்: தேசிய கீதத்தைப் போடு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு காட்சி முடிவிலும் அதைப் போட்டாக வேண்டும்.

கட்டைவிரல் உள்ளே போய் முகம் வெளியே வந்தது. நான் இன்னொரு தடவை அழுத்தினேன். சண்முகம் சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் சண்டை போடும் ரகம். திரையில் கொடி வந்தது. ஒலிப்பெருக்கியை முழுக்கத் திருகி வைத்தது அப்படியே இருந்ததால், அன்றைய தினத்தின் முதல் சத்தம் இடி மாதிரி இறங்கியது. பால்கனியில் முதலாளி துள்ளி எழுந்து நின்றார். 'ஒன்ஸ் மோர்' பாதியில் நின்றது. தண்டல் தூக்கிய கையை இறக்கி விறைப்பாக நின்றார். கீதம் முடிந்ததும், பழக்கப்பட்ட கால்கள் தாமாகவே வாசலுக்கு நடந்தன. என்னைத் தாண்டிப் போன ஒருவர், "இதுக்கு மட்டும் சவுண்டு இருக்கு பாருல" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

ஜனங்கள் கேட்பதைக் கொடுப்பதுதான் நம் தொழில். கொடுக்கக் கூடாத சமயமும் ஒன்று வரும். அந்த நேரத்தில் முதலாளி, கூட்டம், மெஷின் எல்லாம் ஒரு பக்கமாகவும் நீங்கள் மட்டும் ஒரு பக்கமாகவும் இருப்பீர்கள். அப்போது யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான்.

வாசலில் தண்டலை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் மேலே இருந்தபடி மனைவியைப் பார்த்தார். "ஏளா ஞானம், இப்ப நம்புதியா?"

"நம்புதேன். ஒங்களப் பொய்யன்னு சொன்னது தப்புதான்" என்றார் ஞானம்மா, அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

தண்டல் முகம் கோணிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே கேட்டார். "நான் என்ன சொன்னேன், அதச் சொல்லு."

கூட்டம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. பொய்யே வராத வாய் ஒரு நிமிஷம் தயங்கியது. "'ஒருத்தரும் பயப்படாதிய, நான் இருக்கேன், எல்லாரையும் கரை சேத்துருதேன்'னு சொன்னிய" என்றது. பின்னால் நின்ற மில் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

தண்டலுக்கே ஆச்சரியம். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சொல்லிருப்பேன். சொல்லக்கூடிய ஆளுதான்" என்றார்.

படம் அதற்குப் பிறகு ஓடவில்லை. துளைகள் எல்லாம் கிழிந்துவிட்டன, அந்தக் கோடையில் பிலிம் பாகு மாதிரி இளகி ஒட்டிக்கொண்டது. சண்முகமும் மைத்துனரும் அதைக் கொண்டுபோய் அழித்துவிட்டு வந்தார்கள். தண்டல் டீக்கடையில் அந்த வசனத்தை நாள் தவறாமல் சொன்னார். நிஜத்தைச் சொல்லித் திரிந்த காலத்தில் அவரை ஒருவரும் நம்பவில்லை. இந்தப் பொய்யைச் சொன்னதும் ஊரே நம்பியது, ஞானம்மா வாயால் வந்தது அல்லவா. கொஞ்ச நாளில் அவரே அதை முழுசாக நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கடற்கரையில் இரண்டு பேரையும் பார்த்தேன். ஞானம்மா அவர் கையைக் கோத்துப் பிடித்தபடி நடந்து வந்தார். அந்த வயதில், அந்த ஊரில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் அப்படி யாரும் நடப்பதில்லை. தண்டல் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார், முகமெல்லாம் பெருமை.

"மேனேஜரு, படத்துல பாத்த பெறகு கெழவிக்கு எம்மேல ஆச கூடிட்டு. கடக்கரைக்கு வந்தாக் கைய விட மாட்டேங்கா."

"நடிகர் பெண்சாதின்னா அப்படித்தான் அண்ணாச்சி" என்றேன்.

ஞானம்மா பிடியை இன்னும் இறுக்கி, அவரை மணலின் மேட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டார். அலை வந்து திரும்பிய இடத்துக்கும் அவர் காலுக்கும் இடையே ஒரு தோணியைக் கவிழ்த்துப் போடும் அளவுக்கு இடம் இருந்தது.